திருப்பி அனுப்பிய லாட்

சென்னை அருகே ஒரகடத்தில், கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தபோது பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தவன் நான். வந்த முதல் இரண்டு மாதங்களில் நான் செய்ததெல்லாம், "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்ற ஒற்றை வரியையும் பயோடேட்டாவையும் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கும் கல்லூரித் தோழர்களுக்கும் அனுப்பியதுதான். பெரும்பாலானோர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு சரி. பெரியப்பா மட்டும் ஒரு மறுவீட்டுச் சொதி விருந்தில், பக்கத்து இலைக்காரரிடம் "நம்ம பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் குடுங்க அண்ணாச்சி" என்று உரிமையோடு சொல்ல, அவரும் சோற்றில் சொதியைப் பிசைந்தபடியே தலையாட்டினார். அவர் உரக்கடை வைத்திருப்பவர் என்பது கை கழுவும்போதுதான் தெரியவந்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. என் சொந்தத்தில் பாதிப் பேர் ஆசிரியர்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊரில் வேறு எப்படி இருக்கும்? அவர்களுக்குத் தெரிந்த செய்திகள் பெரும்பாலும் எனக்கும் முன்பே தெரிந்திருந்தன. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதைத்தான் 1973-இல் ஆராய்ந்து எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்ற 54 பேரிடம், அந்தத் தகவலைத் தந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று அவர் விசாரித்தார். வாரத்துக்கு இருமுறையாவது பார்த்துப் பழகியவரிடமிருந்து தகவல் பெற்றவர்கள் 16.7 விழுக்காட்டினர்தான், எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 விழுக்காட்டினரும், ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 விழுக்காட்டினரும் பெற்றிருந்தார்கள். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வும் இதை ஒட்டியே வந்தது. ஒரு திருத்தம் மட்டும் உண்டு. முற்றிலும் அந்நியமானவரைவிட, ஓரளவு பொதுவான நண்பர்கள் உள்ள அரைகுறைப் பழக்கமே அதிகம் உதவியது.

இதைப் படித்தபின், பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஆறு ஆண்டுகளில் வேலை நிமித்தமாக மட்டும் பேசியவர்களின் பெயர்களை எழுதிப் பார்த்தேன். 31 பேர் தேறினார்கள். அந்தப் பட்டியலில் நான் அழைக்கவே தயங்கியவர், மதுரையில் ஒரு சப்ளையர் நிறுவனத்தின் டிஸ்பாட்ச் மேற்பார்வையாளர். அவர் அனுப்பிய புஷ் எனும் உருளை வளையங்களின் உள்விட்டம் 20 மைக்ரான் கூடியிருந்ததால், ஒரு முழு லாட்டையே, அதாவது ஒரே தொகுதியாக வந்த சரக்கு முழுவதையும், திருப்பி அனுப்பியவன் நான். அன்றைக்குத் தொலைபேசியில் இருவருக்கும் வார்த்தை தடித்ததும் நினைவிருந்தது. கூச்சத்தோடு அழைத்தேன். "அந்த லாட்டைத் திருப்பி அனுப்புன சார்தானே?" என்று சிரித்தார். கழித்த ஒவ்வொரு பீஸின் அளவையும் நான் அறிக்கையில் எழுதியிருந்ததை வைத்துத்தான் அவர்கள் இயந்திரத்தின் கோளாறைக் கண்டுபிடித்தார்களாம். எனக்கு அது அதுவரை தெரியாது.

டாட்டா குழுமத்தின் 4.3 கிகாவாட் சூரிய மின்தகட்டு ஆலை கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் சோலார் என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. மதுரைக்காரரும் அதே துறையில் இருக்கும் ஒருவரின் எண்ணைத் தந்து, "பயோடேட்டாவை அனுப்பாதீங்க, முதல்ல பேசுங்க" என்றார். அந்தப் புதியவருக்கு நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: யார் சொல்லி எழுதுகிறேன், இதுவரை என்ன வேலை பார்த்தேன், கார் உதிரிபாகத் தொழிலிலிருந்து வருபவன் மின்தகட்டுப் பரிசோதனையில் எதைப் புதிதாகக் கற்க வேண்டும், பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா. 'வேலை கேட்டு எழுதவில்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அது பொய் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பதினைந்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று. இருட்டறையில் தகட்டுக்குள் மின்சாரம் செலுத்திப் படமெடுத்தால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விரிசல் கருங்கோடாகத் தெரியும் என்று, டீ கிளாஸின் ஈரத்தில் விரலைத் தொட்டு மேசையில் வரைந்து காட்டினார். தன் நிறுவனத்தில் அப்போது காலியிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். சிபாரிசு என்ற சொல் நம் ஊரில் கெட்டுப்போயிருப்பதால் கேட்கவே கூசுகிறோம்; ஆனால் ஊழியர் பரிந்துரைத்த ஆள் சேர்ந்து நிலைத்தால், அந்த ஊழியருக்கே ஊக்கத்தொகை தரும் நிறுவனங்கள் பல உண்டு. அதனால் அவர் நம்மை எடைபோட்டுத்தான் பரிந்துரைப்பார், அதுவும் நியாயம்தான். இடையில், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இரண்டு லட்சம் முன்பணம் கேட்ட ஒருவரும் வந்து போனார். அவர் எண்ணை அன்றே அழித்தேன்.

சந்தித்த அன்று இரவே நன்றி சொல்லி எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, அவர் சொன்ன அந்தப் பரிசோதனை முறையைப் பற்றி நான் படித்ததில் புரியாத ஓர் இடத்தைக் கேட்டேன். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த வாரம் அவரே அழைத்தார். தகடுகளுக்கு அலுமினிய ஃபிரேம் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்துக்கு, வெர்னியரைப் பிடிக்கத் தெரிந்த, அறிக்கை எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம். நேர்காணலில் என் பழைய ரிஜெக்‌ஷன் அறிக்கை ஒன்றின் மாதிரியைத்தான் வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்கள்.

சேர்ந்த அன்று மாலை மதுரைக்காரரை அழைத்துச் செய்தியைச் சொல்லி, அடுத்த முறை வரும்போது அரைக் கிலோ அல்வாவோடு வருகிறேன் என்றேன். "திருநெல்வேலிக்காரர் அல்வா குடுக்கிறேன்னா பயமா இருக்கு சார்," என்றவர், "அந்த ரிப்போர்ட் ஃபார்மட்டை மட்டும் அனுப்புங்க, எங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் தேடி எடுத்து அனுப்பினேன்.