மார்க் ஹாமிலின் குரலும் ஜோக்கரின் சிரிப்பும்

மார்க் ஹாமில் என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் லூக் ஸ்கைவாக்கர்தான். அந்த முகத்தின் புகழ் இன்றும் குறையவில்லை. ஆயினும் ஒரு நடிகராக அவர் தம் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தியது ஒலிப்பதிவு அறையில்தான் என்பது என் உறுதியான கருத்து. கேமரா அவரைப் பெரும்பாலும் நல்லவனாகவும் இளைஞனாகவும் மட்டுமே பார்க்க விரும்பியது. மைக்குக்கு அப்படிப்பட்ட பிடிவாதம் எதுவும் இருக்கவில்லை. அங்கே அவர் கோமாளியாகவும் கொடுங்கோலனாகவும் சாகாவரம் பெற்ற பனிமனிதனாகவும் மாறினார்.

குரல் நடிப்பு அவருக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த துணைத்தொழில் அன்று. லூக் ஆவதற்கு முன்பே, 1973இல் ஒளிபரப்பான ஜீனி என்ற அனிமேஷன் தொடரில் கோரி ஆண்டர்ஸ் என்னும் இளைஞனுக்குக் குரல் கொடுத்திருந்தார். எனினும் அவருடைய குரல் வாழ்வின் உண்மையான தொடக்கம் 1992இல் வந்த பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ் தொடர்தான். அதிலும் அவருக்கு முதலில் கிடைத்தது பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் வேடம் அன்று. ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற அத்தியாயத்தில், மனிதநேயர் என்று விருது வாங்கிக்கொண்டே ஓர் ஊழியரின் வாழ்வைச் சிதைக்கும் ஃபெரிஸ் பாயில் என்ற தொழிலதிபராகப் பேசினார். ஜோக்கருக்கு அப்போது டிம் கரி என்ற நடிகர் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சில அத்தியாயங்களுக்குக் குரல்பதிவும் முடிந்திருந்தது. தயாரிப்புக் குழுவினர் மனம் மாற்றிக்கொண்டு வேறு குரலைத் தேடியபோது, அந்த வேடம் ஹாமிலிடம் வந்தது. குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோவின் செவிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பேன்.

ஹாமில் எடுத்த மிகச் சிறந்த முடிவு, ஜோக்கருக்கென்று முத்திரையாக ஒரே ஒரு சிரிப்பை வைத்துக்கொள்ளாததுதான். வில்லன் என்றால் தலையை நிமிர்த்தி ஒரே மாதிரி உரக்கச் சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. அவருடைய ஜோக்கர் மூக்கால் சிரிப்பான். தொண்டையில் அடக்கிச் சிரிப்பான். சொற்றொடரின் நடுவே ஒரு சிறு கெக்கலிப்பை நுழைத்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் பேச்சைத் தொடர்வான். சில வேளைகளில் சிரிப்பு தொடங்கிய வேகத்திலேயே அறுந்து நிற்கும். தொல்காப்பியம் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இந்த ஜோக்கரிடம் எள்ளல் மிகுதி, ஒரு குழந்தையின் களிப்பும் உண்டு. அவற்றோடு நிற்காமல் வெகுளியையும் அச்சத்தையும்கூட ஹாமில் சிரிப்பின் வழியாகவே வெளிப்படுத்திக் காட்டினார். கேட்பவருக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முறையும் ஒரு பதிலாக ஒலிக்கிறது; எதிரே நிற்பவர் சொன்னதற்கோ செய்ததற்கோ உரிய பதில். 1983இல் பிராட்வே மேடையில் அமேடியஸ் நாடகத்தில் அவர் மோட்சார்ட்டாக நடித்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த நாடகத்தின் மோட்சார்ட்டும் பொருந்தாத இடங்களில் கெக்கலித்துச் சிரிப்பவன். சிரிப்பைக் கொண்டே ஒரு பாத்திரத்தை நடத்திச் செல்லும் பயிற்சி அவருக்கு அங்கேயே கிடைத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். சார்லி காலின்ஸ் என்ற சாதாரண மனிதர், மோசமான ஒரு நாளின் முடிவில், நெடுஞ்சாலையில் குறுக்கே வந்த காரை ஓட்டியவனைத் திட்டிவிடுகிறார். ஓட்டியவன் ஜோக்கர். அவன் அவரைத் துரத்திப் பிடித்து, உயிருக்கு ஈடாக ஓர் உதவியைக் கடனாக வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறான். பல காலம் கழித்து அந்தக் கடனை வசூலிக்க வருகிறான். ஹாமில் இதில் மிரட்டுவதே இல்லை. பழைய நண்பனை விசாரிக்கும் கனிவோடுதான் பேசுகிறார். அந்தக் கனிவுதான் நம்மை நடுங்க வைக்கிறது. இறுதியில் நிலைமை தலைகீழாகி, பொறுமையிழந்த காலின்ஸ் ஒரு வெடிகுண்டைக் காட்டி ஜோக்கரையே மிரட்டும்போது, அந்தக் குரல் முதலில் ஏளனத்தில் தொடங்கி, பேரம் பேசும் பணிவுக்கு இறங்கி, கடைசியில் பேட்மேனையே உதவிக்கு அழைக்கும் அலறலாக முடிகிறது. ஒரு சில நிமிடங்களுக்குள் இத்தனை படிகளையும் ஒன்றுகூடத் தவறவிடாமல் இறங்கிவருவது சாதாரணக் காரியம் அன்று.

‘தி மேன் ஹூ கில்ட் பேட்மேன்’ இதைவிடவும் சிறந்தது. பேட்மேன் இறந்துவிட்டான் என்று நம்பும் ஜோக்கர், அவனுக்கு ஓர் இறுதிச் சடங்கு நடத்தி இரங்கலுரை ஆற்றுகிறான். எதிரி இல்லாத வாழ்வு பொருளற்றுப் போனதே என்ற துயரம் அந்தக் குரலில் கலப்படமின்றி ஒலிக்கிறது. கேட்பவருக்கும் மனம் இளகிவிடும். அதன் உச்சத்தில், ஒரு நொடி இடைவெளிக்குப் பிறகு, வேடிக்கை முடிந்தது, சாப்பிடப் போகலாமா என்கிற பொருளில் உற்சாகமாக ஒரு வரி பேசுகிறான். அந்த ஒரு நொடி மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னால் சொன்ன துயரமும் உண்மை, பின்னால் வந்த உற்சாகமும் உண்மை என்று இரண்டையும் நம்பவைத்தால்தான் அந்தப் பாத்திரத்தின் பைத்தியம் நமக்கு உறைக்கும். துயரத்தை ஹாமில் போலியாக நடித்திருந்தால் அந்தக் காட்சி வெறும் நகைச்சுவைத் துணுக்காக முடிந்திருக்கும்.

இந்தத் தொடரில் நடிகர்களைத் தனித்தனியே அழைக்காமல் ஒன்றாக அமர்த்திக் குரலைப் பதிவு செய்தார்கள். பேட்மேனாகப் பேசிய கெவின் கான்ராயும் ஹாமிலும் நேருக்கு நேர் பேசிய காட்சிகளில் அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. கான்ராயின் குரல் தாழ்வானது, அசையாதது. சுருக்கமாகப் பேசி நிறுத்திவிடும். ஹாமிலின் குரல் அந்தச் சுவரில் மோதித் திரும்பும் பந்தாகத் துள்ளும். ஒருவர் மற்றவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை உணர முடிகிறது. மேலும், இத்தகைய தொடர்களில் குரல்பதிவுதான் முதலில் நடக்கும். அதைக் கேட்டுத்தான் ஓவியர்கள் உதட்டசைவையும் முகபாவத்தையும் வரைவார்கள். ஆகவே ஜோக்கரின் அந்த நீண்ட முகத்தில் நாம் காணும் நெளிவுகளில் ஹாமிலின் பங்கும் இருக்கிறது.

வீடியோ கேம்களில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆயிரக்கணக்கான துண்டு வசனங்களை, எதிரே யாரும் இல்லாமல், காட்சியின் முன்பின் தொடர்பைக் கற்பனை செய்துகொண்டே பேச வேண்டியிருக்கும். ஹாமில் அந்த உலகத்துக்குப் புதியவர் அல்லர். 1995இல் வந்த ஃபுல் த்ராட்டில் கேமில், நிறுவனத்தை அபகரிக்கத் துடிக்கும் ஏட்ரியன் ரிப்பர்கர் என்ற வழவழப்பான வில்லனாகப் பேசியிருந்தார். ஆனால் 2009இல் வெளிவந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் வேறு அளவிலான பணி. அனிமேஷன் தொடரில் பணியாற்றிய பால் டினி எழுத, கான்ராயும் ஹாமிலும் மீண்டும் இணைந்தார்கள். மனநலக் காப்பகம் முழுவதும் ஜோக்கரின் பிடியில் இருக்கிறது. அங்குள்ள ஒலிபெருக்கிகள் வழியாக அவன் இடைவிடாமல் பேசுகிறான். விளையாடுபவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்தக் குரல் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தன் அடியாட்களை ஏசுவதும், பேட்மேனைச் சீண்டுவதும், அலுப்பில் தானாகவே உளறுவதுமாக, உடல் கண்ணில் படாத நேரங்களிலும் ஒரு பாத்திரம் கதையை ஆள்கிறது. இவற்றினிடையே, மருத்துவருடன் ஜோக்கர் நடத்திய உரையாடல்களின் ஒலிநாடாக்களும் கிடைக்கின்றன. அவற்றில் ஹாமில் குரலைத் தணித்து, ஒரு நோயாளியின் நேர்மையை அணிந்துகொண்டு பேசுவதைத் தவறாமல் கேட்க வேண்டும்.

அடுத்து வந்த ஆர்க்கம் சிட்டி 2011இல் வெளியானது. (கதையின் முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியின் எஞ்சிய பகுதியையும் அடுத்த பத்தியையும் தவிர்த்துவிடலாம்.) இதில் ஜோக்கர் சாகும் தறுவாயில் இருக்கிறான், அவன் ரத்தமே நஞ்சாகிவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளாக நமக்குப் பழகிய அந்தச் சிரிப்பு இப்போது ஒவ்வொரு முறையும் இருமலில் போய் முட்டுகிறது. சிரிக்க வேண்டும் என்ற ஆசைக்கும் மூச்சில்லாத உடலுக்கும் நடக்கும் போராட்டத்தை ஹாமில் முழுவதும் சுவாசத்தைக் கொண்டே நடித்திருக்கிறார். இறுதிக் காட்சியில் பேட்மேன், இத்தனைக்குப் பிறகும் உன்னைக் காப்பாற்றியிருப்பேன் என்கிறான். அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, சிரித்து, இருமி, ஜோக்கர் இறந்துபோகிறான். அவன் வாழ்நாளில் முதன்முறையாக வேறொருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அது என்று எனக்குத் தோன்றும். இந்த நடிப்புக்காக 2012இல் அவருக்குச் சிறந்த நடிப்புக்கான பாஃப்டா கேம்ஸ் விருது கிடைத்தது.

இதுவே தம் கடைசி ஜோக்கர் என்று அப்போது சொல்லியிருந்த ஹாமில், 2015இல் ஆர்க்கம் நைட் கேமில் திரும்பி வந்தார். இறந்த ஜோக்கர் இதில் பேட்மேனின் மனத்துக்குள் மட்டும் தோன்றும் பிரமை. கூரையோரத்தில் அமர்ந்துகொண்டும் சுவரில் சாய்ந்துகொண்டும் அவன் உதிர்க்கும் கருத்துகள் தொடக்கத்தில் களிப்பூட்டும். கதை முடிவை நெருங்கும்போதோ, உலகம் தன்னை மறந்துவிடும் என்ற ஒரே அச்சத்தில் அவன் கெஞ்சத் தொடங்குகிறான். எள்ளலின் ஒரு துளிகூட எஞ்சாத ஜோக்கரை நாம் கேட்பது அங்கேதான். மூன்று கேம்களில் எது சிறந்தது என்று கேட்டால், கதைக்காக வேறொன்றைச் சொல்லலாம். குரலுக்காக இரண்டாவதையே சொல்வேன்.

சிரிப்பையே எடுத்துவிட்டால் இந்த நடிகரிடம் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு விடை, 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் தொடரில் இருக்கிறது. அக்கினி நாட்டு மன்னன் ஓசாயின் முகம் முதல் இரண்டு பருவங்களிலும் நிழலிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவனை நமக்கு அறிமுகம் செய்தது குரல் ஒன்றுதான். பெற்ற மகனின் முகத்தைத் தீயால் சுட்டு நாடு கடத்திய தந்தை அவன். ஹாமில் அவனுக்குக் கொடுத்தது கத்தாத, அவசரமில்லாத, தன் சொல் மீறப்படும் என்று கற்பனைகூடச் செய்யாத ஒரு குரல். மூன்றாம் பருவத்தில், சூரிய கிரகணத்தால் ஓசாய் வலிமை இழந்திருக்கும் எட்டு நிமிடங்களில், மகன் சூக்கோ அவன் எதிரே வந்து நின்று இனி உனக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று அறிவிக்கிறான். விடைபெற்றுப் போகத் திரும்பும் மகனை நிறுத்த, அவன் தாயைப் பற்றிய பேச்சை எடுக்கிறான் ஓசாய். கிரகணம் விலகும்வரை காலத்தைக் கடத்துவதற்கான பேச்சு அது. முதன்முறை கேட்கும்போது ஒரு தந்தை மனம் திறப்பதாகத் தோன்றும். முடிவு தெரிந்தபின் மறுபடி கேட்டால், ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் அவன் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருப்பது புலப்படும். இரண்டு கேட்டல்களுக்கும் இடம் கொடுத்து ஒரே தொனியில் பேசியிருப்பதை எத்தனை பாராட்டினாலும் தகும். இத்தொடருக்கும் குரல் இயக்கம் ஆண்ட்ரியா ரொமானோதான்.

2010 முதல் 2017 வரை வந்த ரெகுலர் ஷோ தொடரின் ஸ்கிப்ஸ் இவற்றுக்கெல்லாம் நேர் எதிர்த் திசையில் நிற்பவன். பூங்காவில் வேலை பார்க்கும், சாகாவரம் பெற்ற வெள்ளைப் பனிமனிதன். நடப்பதற்குப் பதிலாக எப்போதும் துள்ளித் துள்ளிச் செல்பவன். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் கூச்சலிடும் தொடரில், இதையெல்லாம் முன்பே பார்த்துவிட்டவனின் தாழ்ந்த, கரகரத்த, நிதானமான குரலில் அவன் இரண்டு வாக்கியங்களில் தீர்வைச் சொல்லிவிடுவான். அந்தத் துள்ளலுக்குப் பின்னால் எப்போதோ இழந்த ஒரு காதல் இருக்கிறது என்பதைத் தொடர் பின்னால் சொல்லும்போது நமக்கு வியப்பு ஏற்படுவதில்லை; அந்த முதுமையும் இழப்பும் தொடக்கத்திலிருந்தே குரலில் இருந்தன. ஹாமிலை வில்லன்களுக்கு மட்டுமே உரியவராக எண்ணுபவர்கள் ஸ்கிப்ஸைக் கேட்க வேண்டும்.

மற்ற வேடங்களில் சிலவற்றைப் பெயரளவில் சொன்னால் போதும். 1990களின் ஸ்பைடர்மேன் தொடரில் ஹாப்காப்ளினாகவும், மியாசாகியின் காஸில் இன் தி ஸ்கை படத்தின் ஆங்கில வடிவில் மஸ்காவாகவும், ஜஸ்டிஸ் லீக் தொடரில் சாலமன் கிரண்டியாகவும் பேசியிருக்கிறார். 2003இல் ஒரு கேமில் வுல்வரினாகவும் நடித்தார். அந்த முரட்டுத்தனம் அவருக்கு இயல்பாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 2021இல் வந்த மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்: ரெவலேஷன் தொடரின் ஸ்கெலிட்டார் சுவையானவன்தான், ஆயினும் உயர்ந்து நெளியும் சில வரிகளில் பழைய ஜோக்கர் எட்டிப் பார்க்கிறான்.

கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். எதிரே அவர் இல்லாமல் ஜோக்கராகப் பேச மனம் வரவில்லை என்று ஹாமில் அதன்பின் வெளிப்படையாகவே சொன்னார். அந்த முடிவில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. இந்த ஜோக்கரின் ஒவ்வொரு சிரிப்பும் யாரை நோக்கிச் சிரிக்கப்பட்டதோ, அந்தக் குரல் இனி இல்லை. புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ அத்தியாயத்தில் ஆரம்பித்து, ‘தி மேன் ஹூ கில்ட் பேட்மேன்’ வழியாக ஆர்க்கம் கேம்களுக்கு வரலாம். ஓசாயை அதற்குப் பிறகே கேளுங்கள். அந்த வேடத்துக்காக ஹாமில் எவ்வளவு கைவிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.