உறுதி முடியுமுன் சாமான் கட்டாதீர்கள்

வீடு வாங்கித் தனிக்குடித்தனம் போக நாள் பார்த்த பிறகுதான் உறுதியை (காணிப் பத்திரத்தை) வாங்கிப் படித்தோம். அந்த ஒழுங்குப் பிழைக்கு ஆறு மாதம் கொடுக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்குப் போவதா, வாங்குவதா என்று யோசிப்பவர்கள் வங்கித் தவணையையும் வாடகையையும் எழுதிப் பார்ப்பதற்கு முன் உறுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

வீடு பார்த்தது, விலை பேசியது எல்லாம் ஒரு கிழமையில் முடிந்தது. தரகர் தந்தது உறுதியின் முதற்பக்கப் போட்டோப்பிரதி மட்டும். அதைக் கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் தேட முடியாது. பதிவுத் தொகுதியும் பக்க இலக்கமும் வேண்டும். உறுதியில் குத்தியிருக்கும் பதிவு முத்திரையில் அவை இருக்கும். அந்தப் பயணம் வீண். முன்னும் பின்னுமாக எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். கடன் எடுப்பதானால் வங்கிச் சட்டத்தரணி வழமையாக முப்பது வருடத்துப் பதிவு விபரம் கேட்பார். கையில் காசு வைத்து வாங்கினாலும் அதே முப்பது வருடத்தை நீங்களும் பாருங்கள். ஈடு வைத்து மீட்காமல் விட்டது, வழக்குப் பதிந்தது எல்லாம் அதில்தான் தெரியும்.

எங்களை மறித்தது உறுதியில் காணி விபரம் சொல்லும் அட்டவணையில் இருந்த ஒரு வரி: “மூன்றில் இரண்டு பிரிபடாத பங்கும், கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரித்தும்.” விற்க வந்தவரிடம் இருந்தது மூன்றில் இரண்டு. மிச்சம் கனடாவில் இருக்கும் தங்கையினுடையது. தரகரைக் கேட்டபோது, “அது தங்கச்சியின்ர பங்கு தம்பி, அவ ஓமெண்டிட்டா” என்றார். ரெலிபோனில் சொன்ன ஓமை வைத்து உறுதி முடிக்க முடியாது.

பிறகு தங்கையிடமிருந்து அற்றோர்னித் தத்துவம் வந்தது, அதாவது அவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அதையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் வாடகைக்குக் கொடுக்கலாம், வேலி அடைக்கலாம், வழக்குப் பேசலாம் என்றெல்லாம் இருந்தது. “விற்க” என்ற சொல்லைக் காணவில்லை. அங்கிருந்து புதிதாக எழுதி அனுப்பும்வரை எல்லாம் நின்றது. பராமரிப்புக்கு எழுதிய தத்துவத்தை வைத்து விற்கப் பார்ப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் தத்துவத்தின் பிரதியை உங்கள் நொத்தாரிசிடம் (உறுதி எழுதுபவரிடம்) காட்டுங்கள். விற்பவரின் நொத்தாரிசு சொன்னால் போதும் என்று இருந்து விடாதீர்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் கவனிக்க இன்னும் இரண்டு உண்டு. பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது (1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம்). அவருக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வெளியாள் வாங்கினால் பிறகு நீதிமன்றம் வரை இழுபடலாம். அடுத்தது, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். “என்ர காணிதானே” என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டு அண்ணன் காசு தருகிறார், அவர் பெயரையும் போடுவோம் என்று நினைத்தால், அவர் இரட்டைக் குடியுரிமை உள்ளவரா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்குக் காணி எழுத 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை.

பேசிய விலைக்கு மேல் முத்திரை வரி இருக்கிறது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 3,99,000 ரூபா. இதை வாங்குபவரே கட்டுகிறார். நொத்தாரிசுக் கூலியும் சேவையர் (நில அளவையாளர்) காசும் வேறு. பரப்புக் கணக்கிலும் கவனம்: பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு என்பது உறுதியில் வரகுக் கல்ச்சர் (வரகு விதைக்கும் காணிக் கணக்கு) என்று இருந்தால். நெற்கல்ச்சர் (நெல் விதைக்கும் காணிக் கணக்கு) என்று இருந்தால் அளவு வேறு. சேவையர் நூல் பிடித்து அளந்து எல்லைக்கல் நாட்டும்வரை பூவரசு வேலியை எல்லையென்று நம்பாதீர்கள்.

புதிய தத்துவம் வரும்வரை அதே ஒழுங்கையில் வாடகைக்குப் போனோம். இதை முதலே செய்திருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்ததை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். இரண்டு மாத அறிவித்தலில் இடையில் வெளிக்கிடலாம், மிச்ச முற்பணம் திரும்ப வரும் என்ற வரியைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். உறுதி எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வரிதான் எங்கள் காசைக் காப்பாற்றியது.

வாடகைக்கு இருந்ததில் கிணறும் பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் ஊறிய மழைத்தண்ணிதான். மார்கழியில் வீடு பார்க்கப் போனால் அனேகமான கிணறு நல்ல தண்ணியாகவே இருக்கும். மழைக்கு முந்தி, ஆவணி புரட்டாதியில் அள்ளிக் குடித்துப் பாருங்கள். நாங்கள் வாங்கக் கேட்ட வீட்டுக் கிணறு ஆவணியில் சவர்த்தது. தோட்டக் காணிப் பக்கமென்றால் பசளையிலிருந்து ஊறும் நைத்திரேற்றுக்கும் சோதிக்கக் கொடுங்கள், அது நாக்கில் தெரியாது. மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். சவர்த் தண்ணியைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்டோம், குறைத்தார்கள். தங்கையின் புதிய தத்துவம் வந்து உறுதி எழுதிய அன்றே பதிவுக்கும் கொடுத்துவிட்டு, அடுத்த நாள்தான் சாமான் கட்டத் தொடங்கினோம்.