கற்பித்தல் பயிற்சிக்குக் கிராமப் பள்ளிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் புதூர் என்று பெயர் கொண்ட ஊர்களுக்குக் குறைவில்லை. தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கிராமப் பள்ளியில் பாடம் நடத்த எனக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்திலோ, ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, புதூர்’ என்று மட்டுமே இருந்தது. எந்த ஒன்றியம் என்று இல்லை.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “எந்தப் புதூர் என்று எழுதி வாங்கி வாம்மா” என்று திருப்பித் தந்தார். எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பேச மறுத்துவிட்டார். நிறுவனத்துக்குப் போய் ஒன்றியத்தின் பெயரைப் பேனாவால் எழுதி வாங்கி வந்தால், “திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் முத்திரையும் எங்கே?” என்றார். மறுபடியும் பஸ். இதை நிறுவனத்தில் முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆகவே கடிதத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பள்ளியின் பெயரோடு ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஒரே பெயரில் எத்தனை ஊர் இருந்தாலும் அந்த எண் ஒரு பள்ளிக்கு மட்டுமே உரியது.

பள்ளியில் சேர்ந்ததில் ஒரு சிக்கலும் இல்லை. தலைமையாசிரியை அம்மா அன்பாக வரவேற்றார். அது ஈராசிரியர் பள்ளி. காலை உணவுத் திட்டத்தைக் கவனிப்பது, செயலியில் வருகையைப் பதிவது என்று அவருக்கு முற்பகலில் பாதி போய்விடும். ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகள் என் பொறுப்புக்கு வந்தன.

உண்மையான தொல்லை பாடக்குறிப்பேட்டில் தொடங்கியது. எங்களுக்குச் சொல்லித் தந்த படிவத்தில் ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பாடவேளை. அதற்குள் ஆர்வமூட்டல், வலுவூட்டல், மதிப்பீடு, தொடர்பணி. பள்ளியிலோ, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி, மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பாடக்குறிப்பை வைத்துக்கொண்டு அந்த அறையில் நான் யாருக்குப் பாடம் நடத்துவது?

தொடக்க நிலையான அரும்பில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய், மழைக்காலத்துக்கு முன்னால் ஊர் திரும்புகிறவன். படிப்பில் பாதி ஆண்டு சூளையோடு போய்விடுகிறது. 32இலிருந்து 15ஐக் கழிக்கச் சொன்னால் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பள்ளிக்குப் பின்புறம் கிடந்த செங்கல் துண்டுகளைப் பொறுக்கிவரச் சொன்னேன். நான் சொல்லாமலே பத்துப் பத்தாக வரிசை கட்டினான்: மூன்று வரிசை, இரண்டு உதிரி. “பதினைந்து கல் கொடு” என்றேன். ஒரு வரிசையை அப்படியே என் பக்கம் தள்ளினான். உதிரியில் இருந்த இரண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “இன்னொரு வரிசையைக் கலைத்தால்தான் டீச்சர் கொடுக்க முடியும்” என்றான். கலைத்தான், ஐந்தை எடுத்துத் தந்தான், மிச்சத்தை எண்ணிப் பலகையில் 17 என்று எழுதினான். கடன் வாங்கிக் கழித்தலை நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அவன் கல்லை வைத்தே பிடித்துக்கொண்டான். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர், குறிப்பேட்டில் செங்கல் கணக்கை நான் எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, “மூன்றாம் வகுப்புக் குறிப்பில் செங்கல் எப்படித் துணைக்கருவியாகும்? படிவப்படி இல்லையே” என்று சிவப்பு மையை எடுத்தார். தலைமையாசிரியை அம்மா குறுக்கிட்டு, அந்தப் பையனையே அழைத்துக் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். போட்டான். சிவப்பு மை பைக்குள் போனது.

நீங்கள் போகும் பள்ளியிலும் இப்படித்தான் இருக்கும். படிவத்தை நிரப்புங்கள், ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே மூன்று நிலைக்கும் தனித்தனிச் செயல்பாடு எழுதி, அன்றன்றே தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். கேள்வி வந்தால் அந்தக் கையொப்பம்தான் துணை.

அன்றன்றே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கடைசி நாளில் தலைமையாசிரியை அக்கம்பக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குக் குறுவள மையத்தில் நடக்கும் பயிற்சிக்குப் போய்விட்டார். பள்ளி முத்திரை அவர் பீரோவில். உதவி ஆசிரியர் கையெழுத்திட்டால் செல்லாது. பள்ளியில் பயிற்சியை முடித்ததற்கான பணிச் சான்று இல்லாமல் எங்கள் நிறுவனம் குறிப்பேட்டை வாங்காது. ஒரு தாளுக்காக இன்னொரு முறை அந்த ஊருக்குப் போனேன். காலை நகரப் பேருந்தை விட்டதால் முக்கூட்டுச் சாலையிலிருந்து நடந்தே போனேன். சான்றைப் பயிற்சியின் பாதியிலேயே இரண்டு படிகளாகத் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

சான்று வந்துவிட்டது, குறிப்பேட்டையும் ஒப்படைத்துவிட்டேன். பாடக்குறிப்புப் படிவத்தில் அரும்பு, மொட்டு, மலருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று எங்கள் வகுப்பில் பலர் கையெழுத்திட்டு எங்கள் நிறுவனத்தின் முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த அணி பள்ளிகளுக்குப் புறப்படுவதற்குள் பதில் வர வேண்டும்.