பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் திட்டாதீர்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது, அப்புறம் ஏசி போட்டாலோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலோ மறுபடி கத்துகிறது என்றால், பெரும்பாலும் டிரைவ் பெல்ட் (என்ஜினின் சுழற்சியை ஏசி போன்றவற்றுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பட்டை) தான் சுற்றும் சக்கரமான புல்லியில் வழுக்குகிறது என்று அர்த்தம். என் வண்டியிலும் இதே கதைதான். உடனே புது பெல்ட் போடச் சொல்வார்கள்; டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தளர்ந்திருந்தால் புதுசும் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும்.

என்ஜின் ஓடும்போதே பெல்ட்டில் வரி வரியாக இருக்கும் பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன் (கை, சட்டை நுனி எல்லாம் தள்ளியே இருக்கட்டும்). சத்தம் கூடினால் பெல்ட்டில் இறுக்கம் போதவில்லை. சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. எனக்குக் கூடியது. என்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வரிகள் மெருகேறிப் பளபளவென்று இருந்தன, ஓரத்தில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்த கறை வேறு. கசிவை அடைக்காமல் பெல்ட் மாற்றுவது வெட்டிச் செலவு, அதனால் முதலில் கசியும் ஹோஸ், பிறகு டென்ஷனர், கடைசியில்தான் பெல்ட்.

இன்னொன்று, இப்போது வரும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் பழையவை போல எளிதில் வெடிப்பதில்லை, டயர் மாதிரி தேய்கின்றன. வெடிப்பு இல்லையே என்று விட்டுவிடாமல் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களின் ஆழத்தைப் பாருங்கள். சத்தம் அடங்க ஸ்ப்ரே அடிப்பதெல்லாம் வேண்டாம், தூசிதான் ஒட்டும். பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, பல வண்டிகளில் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.