ஈமேக்ஸில் காணாமல் போன ஒரு கீ பைண்டிங்கைத் தேடியபோது

குறிப்பு எழுதும்போது இன்றைய தேதியைப் போட ஒரு சின்னக் கட்டளை எழுதி, ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியில் அதைக் கண்ட்ரோல்-அரைப்புள்ளி விசைக்குக் கொடுத்திருந்தேன். இப்படி விசையைக் கட்டளையோடு இணைப்பதுதான் கீ பைண்டிங். நிரல் கோப்புகளில் ஒழுங்காக வேலை செய்தது. ஆர்க் கோப்பில் (ஈமேக்ஸில் குறிப்பெழுதப் பயன்படும் ஒரு வகை உரைக் கோப்பு) அழுத்தினால் தேதி வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: நான்கு வரிக்கு மேலே, சிவப்புக் கோடு போட்டிருந்த ஒரு சொல் வேறு சொல்லாகியிருந்தது. அது எழுத்துப்பிழையே இல்லை, ஒரு மாறியின் பெயர். உடனே அன்டூ செய்து மீட்டுவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. இதற்கு முன் எத்தனை முறை இப்படி மாறியிருக்கும்?

ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கிற என் அமைப்புக் கோப்பான இனிட் கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன், ஈமேக்ஸை மூடித் திறந்தேன். பிரயோஜனம் இல்லை. ஈமேக்ஸில் திறந்திருக்கும் ஒவ்வோர் உரையும் ஒரு பஃபர். தற்காலிகக் குறிப்புக்கான ஸ்க்ராட்ச் பஃபருக்குப் போய், ஒரு விசை எந்தக் கட்டளையை இயக்கும் என்று சொல்கிற கண்ட்ரோல்-எச் கே அழுத்தி, அந்த விசையைக் கொடுத்தேன். என் கட்டளையின் பெயர்தான் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டியது.

நான் தவறவிட்டது இதைத்தான்: கேள்வியைச் சிக்கல் இருக்கிற பஃபருக்குள் நின்று கேட்க வேண்டும். ஒரு விசை எந்தக் கட்டளையை இயக்கும் என்பது பஃபருக்குப் பஃபர் மாறும். ஆர்க் கோப்புக்குத் திரும்பிக் கண்ட்ரோல்-எச் பி அழுத்தினேன். அந்த இடத்தில் நடப்பில் இருக்கிற பைண்டிங்குகள் எல்லாம் ஒரே பட்டியலாக விரிந்தன. மிக நீளம்தான், ஆனால் அதுவும் ஒரு பஃபர் என்பதால் கண்ட்ரோல்-எஸ் போட்டுத் தேடலாம். மைனர் மோடுகள் (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்) முதலில், பிறகு மேஜர் மோட் (அந்தக் கோப்பு வகைக்கான அடிப்படை முறை), அதற்குப் பிறகு குளோபல் (எல்லா இடத்துக்கும் பொதுவானவை) என்று பிரிந்திருந்தது. ஈமேக்ஸ் ஒரு விசைக்குக் கட்டளை தேடுகிற வரிசையும் பெரும்பாலும் இதுவே. மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே போகாது.

கண்ட்ரோல்-அரைப்புள்ளி முதலில் சிக்கியது ஃப்ளைஸ்பெல் பகுதியில். எழுத்துப்பிழை பார்க்கும் அந்த மைனர் மோட், முந்தைய பிழையைத் தானே திருத்துகிற கட்டளையை அங்கே வைத்திருக்கிறது. உரைக் கோப்புகளில் அதை இயக்கச் சொல்லியிருந்தது நான்தான். என் கட்டளை குளோபல் வரைபடத்தில் (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்கிற பட்டியல்) இருந்ததால் அதன் முறை வரவே இல்லை.

உறுதி செய்துகொள்ளக் கண்ட்ரோல்-எச் டபிள்யூ அழுத்தி என் கட்டளையின் பெயரைக் கொடுத்தேன். எந்த விசையிலும் இல்லை என்று பதில் வந்தது. அதே கேள்விக்கு ஸ்க்ராட்ச் பஃபரில் விசையின் பெயர் வந்தது. இரண்டு பதில்களையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது.

விரல் எதை அழுத்தியது என்றே சந்தேகம் வந்தால் கண்ட்ரோல்-எச் எல் இருக்கிறது. கடைசியாக அழுத்திய 300 விசைகளையும் அவை இயக்கிய கட்டளைகளையும் காட்டும். இதை முதலிலேயே செய்திருந்தால் இனிட் கோப்பின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஃப்ளைஸ்பெல்லின் வரைபடத்திலிருந்து அந்த விசையை நீக்கிவிடலாம், அதுவும் ஒரு வழி. நான் அப்படிச் செய்யவில்லை. நாளைக்கு இன்னொரு மோட் அதே விசையை எடுத்துக்கொண்டால் மறுபடியும் இதே தேடல்தான். கண்ட்ரோல்-சி அழுத்தி அடுத்து ஓர் எழுத்து என்கிற வகை விசைகளைப் பயனருக்கென்றே விட்டுவைப்பது ஈமேக்ஸ் மரபு. எஃப்5 முதல் எஃப்9 வரையும் அப்படியே. தேதிக் கட்டளையைக் கண்ட்ரோல்-சி டி-க்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எச் அழுத்தி, அந்த முன்னொட்டில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்றும் பார்த்துக்கொண்டேன். 2025-இல் வந்த ஈமேக்ஸ் 30-இல் விச்-கீ என்ற துணைநிரல் உள்ளேயே வருகிறது. அதை இயக்கி வைத்தால், முன்னொட்டை அழுத்திச் சற்று நிறுத்தினாலே அடுத்த விசைகள் கீழே தெரியும்.

கடைசியாக ஆர்க் கோப்பிலேயே நின்று கண்ட்ரோல்-எச் சி கொடுத்துப் புது விசையை அழுத்தினேன். கீழே ஒற்றை வரியில் என் கட்டளையின் பெயர் வந்தது.