முதல் பாடம் விழுவது

மகள் ரெஸ்லிங் (டிவியில் வரும் WWE மாதிரி மல்யுத்தம்) பயிற்சிக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம். அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இன்னும் விழத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்! தாடை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், மூச்சை விட்டபடி மேல்முதுகு முழுக்கப் படும்படி விழ வேண்டும், அதே நொடியில் இரண்டு கையும் விரிந்து தரையை அறைய வேண்டும். தாடை கொஞ்சம் தூக்கினாலும் பின்மண்டை இடிக்கும். ரிங் என்றால் மெத்தை இல்லை. மெல்லிய ஃபோமுக்கு அடியில் பலகை, அதற்கும் கீழே இரும்புச் சட்டம்.

WWE நட்சத்திரங்களாகப் பேர் வாங்கியவர்களில் ரே மிஸ்டீரியோ 1989-இல் 14 வயதில் களம் இறங்கினார், பெய்ஜ் 2005-இல் 13 வயதில். அதைச் சொல்லித்தான் இவளும் அவசரப்படுகிறாள். ஆனால் அவர்கள் இருவருக்கும் குடும்பத்திலேயே ரெஸ்லர்கள் இருந்தார்கள். அப்புறம், வளரும் பிள்ளைக்கு எலும்பு முனைகளை ஒட்டிய வளர்ச்சிப் பகுதி இன்னும் மென்மையான குருத்தெலும்புதான், எளிதில் அடிபடும். தலையில் அடிபட்டால் "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்று சொல்லும் பயிற்சியாளரிடம் தயவுசெய்து பிள்ளையை விடாதீர்கள். உடனே நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிறவர்தான் வேண்டும்.

நேற்று தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனைத் தூக்கி இறக்கினாள். அவன் தரையைத் தொடும்முன் அவன் தலைக்குப் பின்னால் அவள் கை போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.