கேட்காத காணிக்கையும் கேட்ட கணக்கும்

எங்கள் இல்லத்தைத் தொடங்கியவர் அப்பா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் வள்ளியூர்ப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து டோனாவூர் பக்கம்தான். கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை ஐரிஷ் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் ஏற்றுக்கொண்டதில் தொடங்கிய ஊழியம் வேர்விட்ட ஊர் அது. பணத்துக்காக மனிதரிடம் கை நீட்டுவதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்பது அவர்கள் வழி. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஆனால் அப்பா ஜெபிக்கிற விதம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அரிசி நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் இருக்கு" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பின்வரிசையில் இருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி காதிலும் அது விழும். சாயங்காலம் மூட்டை வந்துவிடும். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த அண்ணாச்சியின் மனசில் போட்டது யார் என்று அப்பா கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அந்தக் காலத்தில் இல்லம் ஓடியதே சின்னச் சின்னக் கைகளால்தான். சபையின் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கொண்டுவந்து தட்டுவார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்திருக்கும். ஒரு பதத்தில் வேகாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒருவர் வாழைக்குலையை எடுத்து, பணத்தையும் கட்டிவிட்டு, குலையை எங்களுக்கே அனுப்புவார். டிசம்பரில் பிரியாணிக்கு மேல் பிரியாணி வரும். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்கத்தான் ஆள் தேட வேண்டும். இல்லத்துக்கு உதவ நினைப்பவர்கள் தயவுசெய்து ஜூனை நினைத்துக்கொள்ளுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நிலைமை மாறியது. கடலோர ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்காக வெளிநாட்டுச் சபைகளின் பணமும் வந்தது. எங்களுக்கு நேராக வரவில்லை. அதற்கு உரிமம் இருந்த ஒரு பெரிய டிரஸ்ட் வழியாக வந்தது. சொந்த நிலம், மாடிக் கட்டடம் எல்லாம் அப்போது எழும்பியவைதான். ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று பணம் வந்ததால், பிள்ளைகள் கூடுவதையே வளர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். தாய் உயிரோடு இருக்கிற, வறுமை ஒன்றே காரணமான பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். அப்போது அது யாருக்கும் உறுத்தவில்லை.

2016 ஜனவரியில் புதிய இளைஞர் நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பர் 31-க்குள் பதிவை முடிக்கச் சொன்னது. அந்த வழக்கே நம் மாநிலத்து இல்லங்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றி 2007-ல் தொடங்கியது. அதைப் படித்தபோது எனக்குச் சட்டத்தின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அப்பாவுக்குப் போகவில்லை. "ஆண்டவருக்குத் தெரியும் பிள்ளே. சர்க்காருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார். வாதாடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஜார்ஜ் முல்லரைத்தான் துணைக்கு இழுத்தேன். அப்பாவுக்கு முல்லர் என்றால் உயிர். 1836-ல் பிரிஸ்டலில் வாடகை வீட்டில் தொடங்கி, யாரிடமும் கேட்காமல் பத்தாயிரத்துக்கு மேல் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். முல்லருக்கு முன்மாதிரி, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அநாதை இல்லம் நடத்திய ஃபிராங்கே. அந்த ஹாலேயில் படித்த மிஷனரி சீகன்பால்க்தான் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். ஆக, முல்லர் நமக்கு அந்நியர் இல்லை.

அந்த முல்லர் வந்த ஒவ்வொரு காசுக்கும் எண் போட்ட ரசீது கொடுத்தவர், வருஷா வருஷம் கணக்கை அச்சடித்து ஊருக்குக் காட்டியவர். "முல்லர் கணக்கு காட்டியிருக்காரு, நாம காட்டக்கூடாதா அப்பா?" என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள், பதிவுக்காக எங்கள் இல்லத்தின் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து என் மேஜையில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். தாசில்தாரிடம் கட்டட உரிமம், இன்ஜினியரிடம் உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, வேலை செய்கிறவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்றின் தேதி முடிந்துவிடும். மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் தீயணைப்புச் சான்று கிடைக்காது என்றார்கள். கையில் பணம் இல்லை. எங்களிடம் வளர்ந்து சவூதியில் வெல்டராக இருக்கிற பையன் லீவுக்கு வந்தவன், இரும்பை அவனே வாங்கி, அவனே பற்றவைத்து, படிக்கட்டை நிறுத்திவிட்டுப் போனான். அப்பா அதை ஜெபத்தின் பதில் என்றார். அவன், "தாத்தா, கைப்பிடிக்குப் பெயின்ட் மட்டும் அடிச்சிருங்க" என்றான்.

கஷ்டமான பகுதி டேப்பைப் பிடித்து அறையை அளந்ததுதான். விதிப்படி படுக்கும் இடம் பிள்ளைக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. அந்தக் கணக்குப்படி நாங்கள் வைத்திருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு இடமே இல்லை. அதோடு, ஒவ்வொரு பிள்ளையும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். குழு உத்தரவு போட்டால்தான் இல்லத்தில் இருக்கலாம். "எம் பிள்ளைய சர்க்கார் எடுத்துக்கிடுமோ?" என்று தாய்மார் அழுதார்கள். பீடி சுற்றுகிற ஒரு அம்மாவைச் சமாதானப்படுத்தி பஸ் ஏற்றுவதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

குழுவில் ஒருவர் நேராகக் கேட்டார்: "இந்துப் பிள்ளைகளும் ஜெபத்துக்கு வந்தே ஆகணுமா?" அதுவரை எங்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சாயங்கால ஜெபம் எங்கள் வீட்டு வழக்கம். இஷ்டமில்லாத பிள்ளை அந்த நேரம் படிக்கலாம், விளையாடலாம் என்று எழுதிக் கொடுத்தோம். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். கட்டாயத்தின் பேரில் கைகூப்புகிற பிள்ளையை வைத்து யாரை மகிமைப்படுத்துவது?

தாய் இருக்கிற பிள்ளைகளில் பலரை வீட்டுக்கு அனுப்பினோம். பள்ளிக்கூடச் செலவும் மாத மளிகையும் இல்லத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் என்று ஏற்பாடு. தகுதி உள்ள சிலருக்கு இப்போது குழந்தைகளுக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் வருகிறது. 2017 முடிவதற்குள் பதிவுச் சான்று கைக்கு வந்தது. ஆனால் உதவி செய்தவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா, பிள்ளைங்க குறைஞ்சிட்டாங்களே, ஊழியம் படுத்துட்டா?" என்பதுதான்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றாகிவிட்டது. டிரஸ்ட் வழியாக வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. கொரோனாக் காலம், பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில். அந்த வருஷம் எங்களைத் தாங்கியது மறுபடியும் பெண்கள் ஐக்கியத்துப் பிடி அரிசியும், வளர்ந்து வேலைக்குப் போன பிள்ளைகள் கூகுள் பேயில் போட்ட ஐந்நூறும் ஆயிரமும்தான். பெரிய பணம் வந்த காலத்தைவிட அப்போது எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிள்ளையின் படமும் கதையும் அனுப்பச் சொல்லி இன்றும் கேட்கிறார்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியே விடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது; சொல்லாவிட்டாலும் இனி அனுப்பமாட்டேன். பதிலுக்கு எண் போட்ட ரசீதும், தணிக்கை முடிந்த ஆண்டுக் கணக்கும் போகும். அதனால் சிலர் நின்றுவிட்டார்கள். கணக்கைப் படித்துவிட்டு, "காய்கறிச் செலவு ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டு, மாதாமாதம் காய்கறிக்கென்றே அனுப்புகிற ஒருவரும் கிடைத்தார்.

பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான். 2022-ல் புதுப்பித்தோம், அடுத்தது 2027-ல். தீயணைப்புச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.